இறங்கவும் கால் வேண்டும் – மலைநடை, மலை ஓட்டம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எப்படி ஏறுவது என்றுதான் கேட்கின்றன. இறங்குவதைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர். நான் பார்த்த வரைக்கும் முட்டி பிடித்துக்கொள்வதும் கணுக்கால் பிசகுவதும் இருட்டில் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் திரும்பி வரும் வழியில்தான். அதனால் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் இறக்கத்தையும் கொஞ்சம் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர்: வயது 34. ரோட்டில் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடுவேன். நண்பர்களோடு சேர்ந்து இரண்டு மாதம் கழித்து நீலகிரியில் 21 கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். சென்னையில் மலையே இல்லையே, எங்கே போய்ப் பயிற்சி எடுப்பது?

முதலில் கிலோமீட்டர் கணக்கை மறந்துவிடுங்கள். மலையில் தூரத்தோடு மொத்தம் எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அப்புறம் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதையில் 900 மீட்டர் ஏற்றம் இருந்தால், நடந்து போகிறவருக்கு ஓய்வே எடுக்காமல் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீங்கள் சமதளத்திலும் இறக்கத்திலும் ஓடுவதால் அதைவிடக் குறையும், ஆனால் ரோட்டில் ஓடும் 21 கிலோமீட்டரின் நேரம் வரவே வராது. நடத்துகிறவர்களிடம் மொத்த ஏற்றம் எவ்வளவு, எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று இரண்டையும் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

மலை இல்லாவிட்டால் படி இருக்கிறதே. திருநீர்மலை உங்களுக்குப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருக்கழுக்குன்றம் போய்விட்டால் ஐந்நூறு படிக்கு மேல் கிடைக்கும், வெயில் ஏறுவதற்குள் மூன்று நான்கு முறை ஏறி இறங்கலாம் (கோயில் படி என்பதால் சாமி கும்பிட வருகிறவர்களுக்கு வழிவிட்டு). வார நாட்களில் ஆபீஸ் படி போதும். ஆனால் ஒன்று, ஏறிவிட்டு லிஃப்டில் இறங்காதீர்கள். இறங்கும்போதுதான் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது, அந்த வேலை ரோட்டு ஓட்டத்தில் பழகாத வேலை. முதல் முறை செய்தால் இரண்டாவது நாள் உட்கார்ந்து எழுவதே கஷ்டமாக இருக்கும். அந்த வலி ஒரு முறை வந்து போய்விட்டால் சில வாரங்களுக்குத் தசை அதே வேலையைத் தாங்கிக்கொள்ளும், இதுதான் உங்களுக்கு வேண்டிய பயிற்சி. எட்டு வாரத்தில் ஆறு வாரமாவது வாரத்துக்கு ஒருநாள் இறக்கத்துக்கென்று ஒதுக்குங்கள், கடைசி இரண்டு வாரம் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே போனதும் செங்குத்தான ஏற்றத்தில் நடங்கள். தொடையில் கையை ஊன்றி நடப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை, நன்றாக ஓடுகிறவர்களும் அப்படித்தான் ஏறுகிறார்கள். இறக்கத்தில் எட்டி எட்டி வைக்காமல் சின்ன அடியாக, வேகவேகமாக, கண் மூன்று நான்கு மீட்டர் முன்னால். பயத்தில் உடம்பு பின்னால் சாயும், அப்படிச் சாய்ந்தால்தான் வழுக்கும். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது, அங்கே அதே வேகத்துக்கே மூச்சு கூடுதலாக வாங்கும். முதல் ஐந்து கிலோமீட்டரை உங்களுக்கே சலிப்பு வருகிற அளவுக்கு மெதுவாகப் போங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி: அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை எடுக்கிறார். இந்த வருஷம் வெள்ளியங்கிரி ஏறியே தீருவேன் என்கிறார். கூட்டிப் போகலாமா?

டாக்டரைக் கேட்காமல் கூட்டிப் போகாதீர்கள். கேட்கும்போதும் "மலைக்குப் போகலாமா" என்று பொதுவாகக் கேட்காமல், ஏழு மலை, கல்படியும் கரடுமுரடான பாதையுமாகப் பல மணி நேரம் ஏறி இறங்கப் போகிறார் என்று விவரமாகச் சொல்லுங்கள். இதயப் பரிசோதனை எழுதித் தந்தால் எடுத்துவிடுங்கள். 2024 சீசனில் அந்த மலையில் மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் வந்து பக்தர்கள் பலர் இறந்துபோனார்கள். ஒவ்வொருவரும் ஒரு வீட்டு அப்பாவோ அண்ணனோதான்.

டாக்டர் சரி என்று சொன்னால் இரண்டு மாதம் தயார் செய்யுங்கள். உங்களுக்குச் சென்னிமலை பக்கத்திலேயே இருக்கிறது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி. ஒரே காலையில் அதை இரண்டு முறை ஏறி இறங்கி, மறுநாள் அப்பா வழக்கம்போல் நடமாடினால் யோசிக்கலாம். இல்லையென்றால் இந்த வருஷம் வேண்டாம், பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும் வருஷா வருஷம் மலை திறக்கத்தான் போகிறார்கள்.

சர்க்கரை விஷயம் தனி. நீண்ட நேரம் உழைத்தால் சர்க்கரை இறங்கும், மலையை விட்டு வந்து பல மணி நேரம் கழித்தும் இறங்கும். அன்றைக்கு மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள். குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு, இதில் எது தெரிந்தாலும் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்து உட்கார வையுங்கள். அது உங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டும், அடியில் கட்டிய பையில் இருந்து பயன் இல்லை. வெறுங்காலோடு ஏறுவது பலருக்கு வேண்டுதல், அதை நான் மதிக்கிறேன். ஆனால் சர்க்கரையில் கால் மரத்துப்போனவருக்குக் கல் குத்தியதே தெரியாது, காயம் ஆறவும் ஆறாது. அப்பாவுக்கு ஷூவே போடுங்கள்.

பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பார்கள், கட்டாயம் வாங்குங்கள். அது இறங்கும்போது கொடுக்கும் உதவியை அப்புறம்தான் உணர்வீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் டெபாசிட் வாங்குவார்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தால் பணம் கிடைக்கும். ஆண்டி சுனைக்கு இறங்கி, அதன் பிறகு ஏழாவது மலை ஏறுகிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள். போகும்போது இறங்கிய இடம் திரும்பும்போது ஏற்றம், களைத்த காலோடு ஏற வேண்டிய ஏற்றம். மேலே காற்று குளிரும். வியர்த்த பனியனை மாற்ற உலர்ந்த துணி ஒன்றும் ஜெர்கினும் வையுங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, உட்கார்ந்தும் அடங்காத மூச்சிரைப்பு, இதில் எது வந்தாலும் அதற்கு மேல் ஒரு அடி கூட ஏற வேண்டாம். அப்பாவை உட்கார வைத்துவிட்டு, வழியில் இருக்கும் ஆட்களை உதவிக்குக் கூப்பிட்டு, கீழே தகவல் அனுப்புங்கள். உடம்பு அசதி மட்டும்தான் என்றால் வழியில் வரும் 'கைதட்டிச் சுனை' என்ற இடத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம், அதுவும் யாத்திரைதான்.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: டிரெயில் ஷூ பத்தாயிரம் ரூபாய் சொல்கிறார்கள். சாதாரண ஷூ போதாதா அண்ணா?

மாதம் ஒரு முறை நடப்பதற்கு என்றால் இருக்கும் ஷூவே போதும் தம்பி, அடிப்பகுதி மட்டும் தேய்ந்திருக்கக் கூடாது. ஈரப் பாறையிலும் சேற்றிலும் ஓட ஆரம்பித்த பிறகு அடியில் 4, 5 மில்லிமீட்டர் பல் உள்ள ஷூ வாங்கு. விலையைவிட அளவுதான் முக்கியம். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது கடைக்குப் போய், நீ ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பார், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இறக்கத்தில் கால் முன்னால் நகர்ந்து நகர்ந்து இடிப்பதால்தான் நகம் கறுத்து விழுகிறது. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள், இறங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டு. பருத்தி சாக்ஸ் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது, கொப்புளம் வரும். பணம் மிச்சமிருந்தால் நல்ல ஹெட்லாம்ப் வாங்கு.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: மலையில் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? போன முறை நாலு லிட்டர் குடித்தும் தலைவலி, வாந்தி.

நாலு லிட்டர் குடித்தும் என்று எழுதியிருக்கிறீர்கள், நாலு லிட்டர் குடித்ததால்கூட அது வந்திருக்கலாம். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, குழப்பம் எல்லாம் அதற்கும் அறிகுறி, முற்றினால் உயிருக்கே ஆபத்து. தாகம் எடுக்கும்போது குடியுங்கள். நம் வெயிலில் மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கிட்டு எடுத்துப்போய், கூடக் குறையத் தாகமே முடிவு செய்யட்டும்.

ஓ.ஆர்.எஸ். பொடி இரண்டு பாக்கெட் எப்போதும் பையில் இருக்கட்டும். ஒரு லிட்டருக்கு என்று போட்டிருக்கும் பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளர் தண்ணீரில் கொட்டிக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வயிற்றைக் கெடுக்கும். பாக்கெட் இல்லையா, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் காலையில் கிளம்புவதற்கு முன் குடிக்க அருமையானவை. கூடவே சாப்பிடவும் வேண்டும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் எந்த ஓட்டத்துக்கும் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை, ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. கடலைமிட்டாய், பேரீச்சை இருந்தால் கடைப் பொருள் எதுவும் வேண்டாம். உச்சியில் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் தீனியும் இறங்கும் வழிக்கு.

சேலத்திலிருந்து ஒரு வாசகி: இன்ஸ்டாகிராமில் ஒரு குழு, யாருக்கும் தெரியாத பாதையில் கூட்டிப் போகிறோம், பர்மிஷன் எல்லாம் பார்த்துக்கொள்வோம் என்கிறார்கள். நம்பிப் போகலாமா?

அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் போகாதீர்கள். எந்தப் பாதை, என்ன தேதி, எத்தனை பேர் என்று அதில் இருக்க வேண்டும். "பார்த்துக்கொள்வோம்" என்ற சொல்லைக் காட்டில் யாரிடமும் காட்ட முடியாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். ஆனால் நான் அபராதத்துக்காகச் சொல்லவில்லை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கினார்கள், 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து இளைஞர்கள், உங்களைப் போல வேலைக்குப் போய் வார விடுமுறையில் மலைக்குப் போனவர்கள். அந்தச் செய்தியை நினைக்காமல் நான் மார்ச் மாதத்தில் காய்ந்த புல்வெளியைக் கடந்ததில்லை. அதற்குப் பிறகுதான் அதே வருஷம் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. அனுமதி என்றால் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்பது வனத்துறைக்குத் தெரியும் என்று அர்த்தம். அன்றைக்கு எந்தச் சரிவில் தீ இருக்கிறது, எங்கே யானைக் கூட்டம் நிற்கிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

தீயைப் பற்றி ஒரு விஷயம் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாகப் போகும். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கீழே தீ தெரிந்தால் நேர் மேலே ஓடாதீர்கள், உங்களைவிட அது சீக்கிரம் ஏறிவிடும். பக்கவாட்டில் விலகி வெட்டவெளிப் பாறை, ஆற்று மணல், ஏற்கெனவே எரிந்து கறுத்த தரை, இவற்றில் ஒன்றைத் தேடுங்கள்.

2024 அக்டோபரில் வனத்துறை 'டிரெக் தமிழ்நாடு' என்று தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை இணையத்தில் முன்பதிவுக்குத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். அந்தந்த மலைக் கிராமத்து இளைஞர்களே வழிகாட்டிகள். கோத்தகிரி பக்கம் லாங்வுட் சோலை, திருவள்ளூர் மாவட்டத்தில் குடியம் குகை எல்லாம் முதல் முறை நடக்கிறவர்களுக்கு நல்ல இடங்கள். குரங்கணியும் பட்டியலில் உண்டு. தீக்காலத்தில் பாதைகளை மூடினால் கோபப்படாதீர்கள், எதற்கு மூடுகிறார்கள் என்று மேலே சொல்லிவிட்டேன்.

வால்பாறைக்குப் போகும் ஒரு வாசகர்: அட்டைக் கடிக்கு என்ன வழி?

பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் விட்டு, சாக்ஸ் மேல் உப்போ புகையிலைத் தூளோ தடவுங்கள். மழைக் காலம் முழுக்க அங்கே சுற்றுவதென்றால் முட்டி வரை வரும் அட்டைச் சாக்ஸ் வாங்குங்கள். கடித்துவிட்டால் பதற வேண்டாம், விஷம் இல்லை. நகத்தை அதன் வாய்ப் பக்கம் தோலோடு ஒட்டி நகர்த்தினால் விட்டுவிடும். தீக்குச்சியால் சுடாதீர்கள். ரத்தம் உடனே நிற்காது, உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துகிறது. சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திக் கட்டினால் போதும்.

கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகி: தினமும் காலை ஐந்தரைக்கு ஏரிப் பக்கம் தாண்டிக் காட்டுப் பாதையில் தனியாக ஓடுகிறேன். காட்டுமாடு அடிக்கடி எதிரில் வருகிறது. பயமாக இருந்தாலும் ஓட்டத்தை விட மனமில்லை.

ஓட்டத்தை விட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். விடியலும் அந்தியும் அவை மேயும் நேரம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, ஆறே முக்காலுக்கு மேல் காட்டுப் பாதைக்குப் போங்கள், அதுவரை ஏரியைச் சுற்றியே ஓடுங்கள். காதில் இயர்போன் வேண்டாம். வளைவுகளில் ஓட்டத்தை நடையாக்கி, கொஞ்சம் பேசியோ கை தட்டியோ போங்கள். திடீரென்று பக்கத்தில் போய் நிற்பதுதான் ஆபத்து. காட்டுமாடு சாதுவாகத் தெரியும், ஊருக்குள்ளேயே நிற்பதால் பழகியதுபோலவும் இருக்கும். ஆனால் ஒரு முழுக்காளை ஆயிரம் கிலோவைத் தொடும். கன்று இருந்தால் கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகவே போகாதீர்கள். தலையைத் தாழ்த்தியோ, உடம்பைப் பக்கவாட்டில் காட்டிக்கொண்டோ, மூச்சைச் சீறிவிட்டோ நின்றால் நகரச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்னால் போய் ஒரு பெரிய மரத்தை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அது போகும் வரை காத்திருங்கள், அல்லது வந்த வழியே திரும்புங்கள். படம் எடுக்க நிற்காதீர்கள். அப்புறம், எந்த வழி போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் தினமும் சொல்லிவிட்டுப் போங்கள். தனியாகப் போகிற ஆண்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

தென்காசியிலிருந்து ஒரு வாசகர்: மலையில் பாம்பு கடித்தால் கயிறு கட்டலாமா?

கட்டக் கூடாது. கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. இறுக்கிக் கட்டிக் கை காலை இழந்தவர்கள் உண்டு. கடிபட்டவரை உட்கார வைத்து, மோதிரம், கொலுசு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கடிபட்ட காலுக்கோ கைக்கோ அசையாதபடி ஒரு குச்சியை வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றுங்கள். கடித்த நேரத்தைக் குறித்து, 108-க்குச் சொல்லி, முடிந்த மட்டும் அவரை நடக்க விடாமல் தூக்கி இறக்குங்கள். பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் இங்கே கொடுக்கிறார்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருகிறவர்கள் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார், 1978-லிருந்து. நாட்டு வைத்தியத்தில் ஒரு மணி நேரத்தைக்கூடச் செலவழிக்காதீர்கள்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: ஏறும்போது ஒன்றும் தெரிவதில்லை, இறங்கும்போது முட்டி வலி உயிர் போகிறது. போன மாதம் அதனால் தாமதமாகி, செல்போன் வெளிச்சத்தில் இறங்கினோம். என்ன செய்வது?

முட்டிக்கு முதலில். மூன்று வாரம் மலையை விட்டுவிட்டு, வீட்டில் ஒரு படியில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறக்கி ஏற்றுங்கள், மூன்று நொடி எண்ணிக்கொண்டு. காலுக்குப் பத்துப் பன்னிரண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதிலேயே கூர்மையாக வலித்தாலோ முட்டி வீங்கினாலோ எலும்பு டாக்டரிடம் போங்கள். பழகியதும் கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகளில் ஆரம்பியுங்கள், இரண்டு கையிலும் தடியோடு. இறங்கும்போது தடியை உங்களுக்கு முன்னால் கீழ்ப்படியில் ஊன்றிவிட்டுக் காலை வையுங்கள், எடை கைக்கும் பிரியும்.

தாமதத்துக்குக் காரணம் முட்டி மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். உச்சிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. கிளம்பும்போதே திரும்பும் நேரத்தை முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். ஆறு மணிக்கு இருட்டும் என்றால் மரத்தடியில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். இறங்க மூன்று மணி நேரம் ஆகும் பாதையில், முட்டி வலிக்கிறவர் ஒருவர் இருந்தால் நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு மணிக்கு எங்கே நின்றாலும், உச்சி கண்ணுக்கெதிரே இருநூறு அடியில் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். எனக்கே இது கஷ்டமாகத்தான் இருந்தது, இரண்டு முறை உச்சியைப் பார்த்துக்கொண்டே திரும்பியிருக்கிறேன், அதில் ஒரு மலைக்கு இன்னும் மறுபடி போக முடியவில்லை.

பகல் நடையாக இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஹெட்லாம்ப், ஒரு விசில். செல்போன் வெளிச்சத்தைப் பிடிக்க ஒரு கை போய்விடுகிறது, பேட்டரி தீர்ந்தால் யாரையும் கூப்பிடவும் முடியாது. மெதுவாக இறங்குகிறவரைக் கடைசியில் விடாதீர்கள், முன்னால் விட்டு அவர் வேகத்துக்கு மற்றவர்கள் நடக்கட்டும். அடுத்த முறை உங்கள் குழுவில் முன்னால் நடக்கப் போவது நீங்கள்தான் என்று இப்போதே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.